எலக்ட்ரான் இருந்தால் போதாது, இடமும் வேண்டும்

வாசகர் கேள்வி – அறிவியல் பதில்

திண்மப் பொருள்களில் மின்சாரம் எவ்வாறு பாய்கிறது என்பது குறித்து வந்த கடிதங்களுள், ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் ஆறு கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டேன். முதல் கேள்விக்கான விடை சற்று நீளமானது. அது புரிந்துவிட்டால் மற்றவற்றுக்குப் பாதி விடை கிடைத்துவிடும் என்பதால் அதைச் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: உலோகங்களில் கட்டுறா எலக்ட்ரான்கள் இருப்பதால் மின்சாரம் பாய்கிறது, காப்பான்களில் எலக்ட்ரான்கள் அணுவோடு கட்டுண்டிருப்பதால் பாய்வதில்லை என்று கீழ் வகுப்பில் படித்தோம். இப்போது இணைதிறன் பட்டை, கடத்துப் பட்டை என்று வேறு படம் வருகிறது. முதலில் படித்தது தவறா? இந்தப் பட்டைகள் பொருளுக்குள் எங்கே இருக்கின்றன?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, நாமக்கல்

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் பெரும்பாலான குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. பட்டை என்பது பொருளுக்குள் இருக்கும் ஓர் இடம் அன்று. செம்புக் கம்பியை எவ்வளவு நுணுக்கமாக அறுத்துப் பார்த்தாலும் கடத்துப் பட்டை என்று ஓர் அடுக்கு தட்டுப்படாது. பட்டை என்பது, அந்தப் பொருளுக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் பெறக்கூடிய ஆற்றல் அளவுகளின் தொகுப்பு. படத்தில் மேல், கீழ் என்பவை ஆற்றலின் மிகுதியையும் குறைவையும் காட்டுகின்றன. இடவலமாக நீளும் கோட்டுக்குப் பெரும்பாலும் எந்த அர்த்தமும் இல்லை. இதை முதல் நாளிலேயே வகுப்பில் சொல்லிவிட்டால் மாணவர்களின் சிரமம் பெருமளவு குறையும்.

இனி, முதலில் படித்தது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1897 இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானை அடையாளம் கண்ட மூன்றே ஆண்டுகளில், உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் ஒரு வாயுவின் மூலக்கூறுகளைப் போல அலைந்து திரிகின்றன என்ற கருத்தை பால் ட்ரூட என்ற ஜெர்மானிய அறிவியலாளர் முன்வைத்தார். ஓமின் விதியை அது அழகாக விளக்கியது. ஆனால் செம்பு தன் அணுவுக்கு ஓர் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும்போது, வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்களை வைத்திருக்கும் வைரத்தின் கார்பன் ஏன் ஒன்றைக்கூட விடுவதில்லை என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. கட்டுண்டது, கட்டுறாதது என்று பெயர் சூட்டியதோடு அது நின்றுவிட்டது.

தனித்த அணு ஒன்றில் எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட சில ஆற்றல் மட்டங்களில் மட்டுமே இருக்க முடியும். பௌலியின் தவிர்ப்புத் தத்துவத்தின்படி ஒரு நிலையில் ஓர் எலக்ட்ரானுக்கு மேல் இடமில்லை. தற்சுழற்சியை (ஸ்பின்) விட்டுவிட்டு எண்ணினால், எதிரெதிர்த் தற்சுழற்சியுடைய இரண்டு. இப்போது ஒரே வகையான இரண்டு அணுக்களை நெருக்கமாகக் கொண்டுவந்தால், வெளி எலக்ட்ரான்களின் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒரே அளவாக இருந்த இரு மட்டங்களும் சற்றே மேலும் கீழுமாகப் பிரிகின்றன. மூன்று அணுக்கள் சேர்ந்தால் மூன்றாகப் பிரியும். ஒரு கன சென்டிமீட்டர் திண்மத்தில் அணுக்களின் எண்ணிக்கை, ஒன்றுக்குப் பின்னால் 22 சுழியங்கள் இட்ட எண்ணின் அளவில் இருக்கிறது. அத்தனை மட்டங்களும் சில எலக்ட்ரான் வோல்ட் (ஓர் எலக்ட்ரான் ஒரு வோல்ட் மின்னழுத்தத்தைக் கடக்கையில் பெறும் ஆற்றல்) அகலத்துக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது, அவற்றைத் தனித்தனிக் கோடுகளாகப் பார்ப்பதில் பொருளில்லை. அவை ஒரு பட்டையாகிவிடுகின்றன. ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் இடையில் எந்த எலக்ட்ரானும் கொள்ள முடியாத ஆற்றல் அளவுகள் இருக்கலாம். அதுவே விலக்கப்பட்ட ஆற்றல் இடைவெளி.

இங்கே ஒரு திருப்பம் உண்டு. 1928 இல் ஃபெலிக்ஸ் பிளாக், ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகத்துக்குள் எலக்ட்ரான் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லை, அதன் அலை படிகம் முழுவதும் பரவிக்கிடக்கிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். இது செம்புக்கு மட்டுமன்று, வைரத்துக்கும் பொருந்தும். அப்படியானால் எல்லாப் பொருள்களும் மின்சாரத்தைக் கடத்த வேண்டுமே! மூன்று ஆண்டுகள் கழித்து, 1931 இல், ஆலன் வில்சன் என்ற ஆங்கிலேய இளைஞர் இதற்கு விடை கண்டார். முழுமையாக நிரம்பிய பட்டையில் எத்தனை எலக்ட்ரான்கள் இருந்தாலும் அவற்றால் மின்னோட்டத்தைத் தர முடியாது என்பதே அந்த விடை. இந்த ஒரு வரியைத்தான் பாடநூல் படங்கள் மறைத்துவிடுகின்றன என்பது என் எண்ணம்.

காரணம் இதுதான். நிரம்பிய பட்டையிலும் எலக்ட்ரான்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆனால் வலப்பக்கம் செல்லும் ஒவ்வொன்றுக்கும் அதே வேகத்தில் இடப்பக்கம் செல்லும் ஒன்று இருக்கிறது. நிகர ஓட்டம் சுழியம். மின்னோட்டம் பிறக்க வேண்டுமானால் இந்தச் சமநிலை குலைந்து, ஒரு திசையில் செல்பவை மிகுதியாக வேண்டும். அதற்குச் சில எலக்ட்ரான்கள் தம் நிலையை மாற்றிக்கொள்ள வேண்டும், மாறுவதற்கோ பக்கத்தில் காலியான நிலை வேண்டும். எல்லா நிலைகளும் நிரம்பியிருக்கையில் மின்புலம் எவ்வளவு தள்ளினாலும் கூட்டத்தின் அமைப்பு மாறுவதில்லை.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டத்தை நினைத்துப் பாருங்கள். அதன் கண்ணாடிக் குழாயில் குமிழியே இல்லாமல் நீர்மம் முழுவதும் நிரம்பியிருந்தால், பலகையை எப்படிச் சாய்த்தாலும் குழாய்க்குள் எந்த மாற்றமும் தெரியாது. நீர்மம் குழாயோடு கட்டுண்டிருப்பதாலா? இல்லை, நகர இடமில்லாததால். அதே குழாய் பாதி நிரம்பியிருந்தால் சிறு சாய்வுக்கும் நீர்மம் ஓடும். பாதி நிரம்பிய பட்டை உலோகம். முழுதும் நிரம்பி, அடுத்த பட்டை எட்டாத உயரத்தில் இருப்பது காப்பான். உங்கள் படத்தில் நிரம்பிய கீழ்ப்பட்டையே இணைதிறன் பட்டை, அதற்கு மேலுள்ளது கடத்துப் பட்டை.

எட்டாத உயரம் என்பதற்கும் ஓர் அளவு சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் பாயும்போது, ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையில் மின்புலத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் பெறும் ஆற்றல், ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. செம்பின் பட்டைக்குள் அடுத்த காலி நிலை அதைவிடவும் அருகில் இருப்பதால் அந்தத் துளி ஆற்றலே போதுமானதாகிறது. வைரத்திலோ அடுத்த காலி நிலைக்கு 5.5 எலக்ட்ரான் வோல்ட் தாவ வேண்டும். செம்பின் மின்தடை எண்ணுக்கும் காப்பானான உருக்கிய குவார்ட்ஸின் மின்தடை எண்ணுக்கும் உள்ள விகிதம், ஒன்றுக்குப் பின்னால் 24 சுழியங்களைத் தாண்டுவதற்கு இந்த வேறுபாடே வேர்.

ஆகவே, கீழ் வகுப்பில் படித்தது முற்றிலும் தவறன்று. அது ஒரு முதற்படி. ஆனால் "கட்டுண்ட எலக்ட்ரான்" என்ற சொல்லை இனி "இடமில்லாத எலக்ட்ரான்" என்று மாற்றி வாசியுங்கள்.

கேள்வி: மக்னீசியம் அணுவின் வெளிக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான்கள் உள்ளன, 3எஸ் துணைக்கூடு நிரம்பிவிட்டது. நிரம்பிய பட்டை கடத்தாது என்றால் மக்னீசியம் காப்பானாக அல்லவா இருக்க வேண்டும்? மாணவர் ஒருவர் கேட்டபோது என்னால் நிறைவாக விளக்க முடியவில்லை.
– ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர், காரைக்குடி

பதில்: கேட்ட மாணவரைப் பாராட்ட வேண்டும், ஐயா. அந்த இளைஞர் விதியைச் சரியாகவே பயன்படுத்தியிருக்கிறார், விடுபட்டது ஒன்றுதான். தனி அணுவில் 3எஸ் மட்டத்துக்கும் அதற்கு மேலுள்ள, காலியான 3பி மட்டத்துக்கும் இடையே இடைவெளி உண்டு. ஆனால் அணுக்கள் திண்மமாகச் சேரும்போது இரண்டு மட்டங்களும் பட்டைகளாக அகன்று, ஒன்றின் மேற்பகுதியும் மற்றதன் அடிப்பகுதியும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. 3எஸ் பட்டையின் உச்சியில் இருக்க வேண்டிய எலக்ட்ரான்களுக்கு 3பி பட்டையின் அடியில் குறைந்த ஆற்றலில் இடம் கிடைப்பதால், அவற்றுள் ஒரு பகுதி அங்கே வழிந்துவிடுகிறது. முடிவில் இரண்டு பட்டைகளுமே அரைகுறையாக நிரம்பியவை, இரண்டுமே கடத்தும்.

வெளிக்கூட்டில் எத்தனை எலக்ட்ரான்கள் என்று எண்ணினால் மட்டும் போதாது, அணுக்கள் எவ்வளவு நெருங்கி எந்த அமைப்பில் அடுக்கப்பட்டுள்ளன என்பதையும் பார்க்க வேண்டும். தனிம வரிசை அட்டவணையில் கார்பன் நிற்கும் நிரலையே சான்றாகக் காட்டலாம். வைரம், சிலிக்கான், ஜெர்மானியம் ஆகிய மூன்றும் ஒரே வகைப் படிக அமைப்பைக் கொண்டவை, ஒவ்வொன்றிலும் அணுவுக்கு நான்கு இணைதிறன் எலக்ட்ரான்கள். ஆனால் இடைவெளி முறையே 5.5, 1.1, 0.67 எலக்ட்ரான் வோல்ட் என்று சரிகிறது. அதே அமைப்பில் உள்ள சாம்பல்நிற வெள்ளீயத்தில் இடைவெளி அனேகமாக மறைந்தே போகிறது. வகுப்பில் இந்த நான்கையும் கரும்பலகையில் வரிசையாக எழுதிக் காட்டினால் மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

கேள்வி: முப்பது ஆண்டுகளாக ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கிறேன். குண்டு பல்பின் இழையைக் குளிர்ந்திருக்கும்போது மீட்டரில் அளந்தால் ஓம் மிகக் குறைவாகக் காட்டுகிறது, எரியும்போது பல மடங்கு கூடுகிறது. ஆனால் டிரான்சிஸ்டர் சூடானால் கசிவு மின்னோட்டம் கூடிக்கொண்டே போய், ஹீட் சிங்க் சரியில்லாவிட்டால் எரிந்தே விடுகிறது. சூடு ஒன்றுதானே, விளைவு மட்டும் ஏன் நேர்மாறாக இருக்கிறது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மீட்டர் காட்டுவது மெய்யான இயற்பியல். 230 வோல்ட்டில் எரியும் 100 வாட் குண்டு பல்பின் மின்தடை எரியும்போது 529 ஓம். குளிர்ந்த நிலையில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

மின்கடத்தலை இரண்டு காரணிகள் முடிவு செய்கின்றன: நகரக்கூடிய மின்னூட்ட ஊர்திகள் எத்தனை, அவை எவ்வளவு தடையின்றி நகர்கின்றன. உலோகத்தில் முதல் காரணி மாறுவதில்லை. செம்பில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 8.5 பெருக்கல் 10 இன் 22 ஆம் அடுக்கு என்ற எண்ணிக்கையில் எலக்ட்ரான்கள் பாதி நிரம்பிய பட்டையில் உள்ளன. சூடாக்கினாலும் அதே எண்ணிக்கைதான். மாறுவது இரண்டாவது. அணுக்கள் துளியும் அசையாமல் பிழையின்றி அடுக்கப்பட்டிருந்தால் எலக்ட்ரான் அலை சிதறாமலேயே சென்றுவிடும் என்பதும் பிளாக்கின் கணக்கிலிருந்து வந்த முடிவே. ஆக, மின்தடையைத் தருவது அணுக்கள் இருப்பது அன்று, அவற்றின் ஒழுங்கு குலைவது. சூடு ஏற ஏற அணுக்கள் மேலும் அதிர்கின்றன, சிதறல் கூடுகிறது. அறை வெப்பநிலைக்கு அருகில் செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு உயர்கிறது.

சிலிக்கானிலும் இந்த அதிர்வு உண்டு, ஆனால் அங்கே முதல் காரணி எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடுகிறது. தூய சிலிக்கானில் கீழ்ப்பட்டை நிரம்பியது, மேற்பட்டை காலி, இடையில் 1.1 எலக்ட்ரான் வோல்ட்; இடைவெளி இப்படிச் சிறியதாக இருக்கும் பொருளையே குறைகடத்தி என்கிறோம். அறை வெப்பம் தரும் சராசரி ஆற்றல் 0.025 எலக்ட்ரான் வோல்ட் அளவே. சராசரி அவ்வளவுதான் என்றாலும், தற்செயலாக மிகுந்த ஆற்றல் பெறும் எலக்ட்ரான்கள் மிகச் சிலவாவது எப்போதும் இருக்கும். ஐந்து லட்சம் கோடி அணுக்களுக்கு ஓர் எலக்ட்ரான் என்ற கணக்கில் மேற்பட்டையில் அவை உலவுகின்றன. இந்த எண்ணிக்கை வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, அடுக்குக்குறி முறையில் பாய்ச்சலாக ஏறுகிறது. பத்து டிகிரிக்கும் குறைவான உயர்விலேயே இரட்டிப்பாகிவிடுகிறது. உங்கள் டிரான்சிஸ்டரில் சூடு கசிவைக் கூட்டுகிறது, கசிவு சூட்டைக் கூட்டுகிறது. வெப்பத்தை ஹீட் சிங்க் இழுத்து வெளியேற்றாவிட்டால் இந்தச் சுழல் நிற்பதில்லை.

பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைக் கையாண்டிருப்பீர்கள். 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தால் ஆனதுதான். ஆனால் அதன் இடைவெளி 0.67 எலக்ட்ரான் வோல்ட்டாகச் சிறுத்திருப்பதால் அது 100 டிகிரியை எட்டும் முன்பே தடுமாறும். சிலிக்கான் ஏறத்தாழ 150 டிகிரி வரை தாங்கும். சூடாக்கினால் நன்றாகக் கடத்தும் பொருளை முதலில் கவனித்துக் குறித்தவர் மைக்கேல் ஃபாரடே; 1833 இல் வெள்ளி சல்பைடில் அதைக் கண்டார். வில்சனின் விளக்கம் வரும் வரை, ஏறக்குறைய நூறு ஆண்டுகள், அந்தப் புதிர் அப்படியே கிடந்தது.

கேள்வி: குறைகடத்தியில் "துளை" என்பது எலக்ட்ரான் இல்லாத இடம் என்கிறார்கள். இல்லாத ஒன்று எப்படி மின்னூட்டம் பெற்று நகரும்? இது கணக்கின் வசதிக்காகச் சொல்லப்படும் கற்பனைதானே?
– பொறியியல் மாணவர், திருநெல்வேலி

பதில்: மீண்டும் ரசமட்டத்துக்கே வருவோம். குமிழி என்பதும் நீர்மம் இல்லாத இடம்தான். ஆயினும் பலகையைச் சாய்த்தால் குமிழி உயர்ந்த பக்கம் நோக்கி ஓடுகிறது. கொத்தனார் நீர்மத்தைப் பார்ப்பதில்லை, குமிழியையே பார்க்கிறார். அதுபோல, அனேகமாக நிரம்பிய பட்டையில் கோடானுகோடி எலக்ட்ரான்கள் செய்யும் அசைவை ஒவ்வொன்றாக எழுதுவதைவிட, விடுபட்ட ஒன்றிரண்டு இடங்களின் அசைவை எழுதுவது எளிது.

ஆனால் வசதி என்பதோடு இது முடிந்துவிடுவதில்லை. 1879 இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைப் படித்திருப்பீர்கள். மின்னோட்டம் பாயும் தகட்டின் குறுக்கே காந்தப்புலம் செலுத்தினால், ஊர்திகள் ஒரு பக்கமாக ஒதுக்கப்படுகின்றன. அவை எதிர்மின்னூட்டம் கொண்டவையா, நேர்மின்னூட்டம் கொண்டவையா என்பதை அந்தப் பக்கத்தில் தோன்றும் மின்னழுத்தத்தின் குறி காட்டிக்கொடுக்கும். செம்பில் எதிர்க்குறி வருகிறது. துத்தநாகம், பெரிலியம் போன்ற உலோகங்களிலோ நேர்க்குறி வருகிறது. "எலக்ட்ரான்தான் பின்னோக்கி நகர்கிறது, துளை என்பது வெறும் பெயர்" என்றால் இங்கும் எதிர்க்குறியே வந்திருக்க வேண்டும். ருடால்ஃப் பையர்ல்ஸ் 1929 இல் இதன் காரணத்தைக் கண்டார். பட்டையின் உச்சியை நெருங்கிய எலக்ட்ரானின் அலை, படிகத்தின் அணுவரிசைகளால் எதிரொளிக்கப்படும் நிலையை நெருங்குகிறது. அதை முன்னோக்கித் தள்ளினால் அதன் வேகம் கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது. எதிர்நிறை கொண்ட எதிர்மின்னூட்டம் போல அது நடந்துகொள்கிறது. அத்தகைய எலக்ட்ரான் ஒன்று விடுபட்ட பட்டை, மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும், நேர்நிறையும் நேர்மின்னூட்டமும் கொண்ட ஒரு துகளைப் போலவே ஈடுகொடுக்கிறது. துளை தனித்து வெளியே எடுக்கக்கூடிய துகள் அன்று. படிகத்துக்குள் மட்டுமே வாழ்வது. ஆனால் அதன் குறியை அளக்க முடிகிறது, நிறையை அளக்க முடிகிறது. அதைக் கற்பனை என்று சொல்ல நான் ஒப்பமாட்டேன்.

மாசூட்டலின், அதாவது தூய பொருளில் வேற்று அணுக்களைச் சிறிதளவு கலப்பதன், ஆற்றலும் இங்கிருந்தே புரியும். பத்து லட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு, வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரான் குறைவாக உள்ள போரான் அணு ஒன்றைச் சேர்த்தால், தூய சிலிக்கானில் வெப்பத்தால் மட்டும் உண்டாகும் துளைகளைவிட ஏறத்தாழ 50 லட்சம் மடங்கு துளைகள் அறை வெப்பநிலையில் கிடைக்கின்றன.

கேள்வி: கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழில் செய்கிறோம். வைரமும் பென்சில் கரியும் ஒரே கார்பன் என்று மகள் சொல்கிறாள். ஒன்று கண்ணாடி போல, ஒன்று கருப்பு. இதற்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: உண்டு. உங்கள் தொழிலில் பட்டை என்பது கல்லின் முகம்; இங்கே பேசுவது ஆற்றல் பட்டை. சொல் ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவே. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒவ்வொரு பொட்டலத்திலும் சிவப்பில் ஏறத்தாழ 1.7, ஊதாவில் ஏறத்தாழ 3.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது. வைரத்தின் எலக்ட்ரானுக்குத் தாவ 5.5 வேண்டும் என்பதால் எந்த நிறத்தையும் அதனால் விழுங்க முடிவதில்லை. ஒளி ஊடுருவிச் செல்கிறது. மின்சாரத்தைக் கடத்தாததற்கும் ஒளியை மறிக்காததற்கும் காரணம் ஒன்றுதான். பென்சில் கரியான கிராஃபைட்டில் அணுக்கள் வேறு விதமாக அடுக்கப்பட்டிருப்பதால் இரு பட்டைகளும் சற்றே தொட்டுக் கலக்கின்றன. எல்லா நிறமும் விழுங்கப்படுகிறது, மின்சாரமும் பாய்கிறது.

நீல வைரம் உங்கள் கைக்கு வந்திருந்தால் இன்னொன்றையும் கவனித்திருக்கலாம். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும், கோல்கொண்டா பகுதியிலிருந்து சென்றதாகக் கருதப்படும் ஹோப் வைரத்தின் நீலத்துக்குக் காரணம் போரான் அணுக்கள். அவை துளைகளைத் தருவதால் அத்தகைய நீல வைரம் ஓரளவு மின்சாரத்தையும் கடத்துகிறது. வைரத்தைச் சோதிக்கும் கருவி வெப்பத்தைக் கொண்டு சோதிப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வைரம் செம்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. அங்கே வெப்பத்தைச் சுமப்பவை எலக்ட்ரான்கள் அல்ல, அணுக்களின் அதிர்வுகள். அவற்றுக்குப் பட்டை இடைவெளி ஒரு தடையே இல்லை.

கேள்வி: கண்ணாடி காப்பான் என்கிறோம். பழுக்கக் காய்ச்சினால் அது மின்சாரத்தைக் கடத்துமாமே? பட்டைக் கொள்கை எல்லாத் திண்மங்களுக்கும் பொருந்துமா?
– வாசகி, சிவகாசி

பதில்: காய்ச்சிய கண்ணாடி கடத்துவது உண்மை. ஆனால் அங்கே நகர்வது எலக்ட்ரான் அன்று, கண்ணாடியில் கலந்துள்ள சோடியம் அயனிகள். பட்டைகளுக்கு அதில் பங்கில்லை.

இரண்டாவது கேள்விக்கு விடை, பொருந்தாத திண்மங்களும் உண்டு என்பதே. நிக்கல் ஆக்சைடில் எலக்ட்ரான்களை எண்ணிப் பார்த்தால் அதன் 3டி பட்டை அரைகுறையாகவே நிரம்பியிருக்க வேண்டும். விதிப்படி அது உலோகம் போலக் கடத்த வேண்டும். உண்மையில் அது இளம்பச்சை நிறக் காப்பான். 1937 இல் டி போயர், ஃபெர்வே என்ற இருவர் இந்த முரண்பாட்டை எடுத்துக்காட்டினர். பட்டைக் கணக்கு ஒவ்வோர் எலக்ட்ரானையும், மற்றவற்றின் சராசரி விளைவுக்கு உட்பட்ட தனியாளாகவே நடத்துகிறது. நிக்கல் ஆக்சைடிலோ, ஏற்கெனவே எலக்ட்ரான் இருக்கும் அணுவுக்கு இன்னொன்று வந்தால் இரண்டும் ஒன்றையொன்று விலக்கும் ஆற்றல் மிகப் பெரிது. அதனால் ஒவ்வொன்றும் தன் அணுவிலேயே தங்கிவிடுகிறது. பட்டையில் இடம் இருந்தும் அங்கே போகக் கொடுக்கும் விலை கட்டுப்படியாவதில்லை. இவ்வகைக் காப்பான்களை விரிவாக ஆராய்ந்த நெவில் மாட் 1977 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று அவை அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. 1986 இல் பெட்நார்ஸும் முல்லரும் கண்டறிந்த, செம்பும் ஆக்சிஜனும் கலந்த மீக்கடத்திகள் (மின்தடையே இல்லாமல் கடத்துபவை) பிறப்பதும் இத்தகைய ஒரு காப்பானில் மாசூட்டுவதால்தான். அது ஏன் அப்படி மீக்கடத்தியாகிறது என்பதற்கு எல்லாரும் ஒப்பும் விளக்கம் இன்றுவரை அமையவில்லை.